பால் வேண்டும், மாடு வேண்டாமா?



பால்மாவின் விலை ஏறும்போதெல்லாம் கொழும்பில் ஒரு பேச்சுக் கிளம்பும். உள்நாட்டுப் பால் உற்பத்தியைப் பெருக்க வேண்டும், பாலில் தன்னிறைவு அடைய வேண்டும் என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். 2021ஆம் ஆண்டின் கடைசியிலும் 2022இலும் டொலர் இல்லாமல் பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்து, ஒரு பைக்கற்றுக்காக மக்கள் வரிசையில் நின்றபோது அந்தப் பேச்சு இன்னும் பலமாகக் கேட்டது.

அதே நாட்டில் ஒரு தோட்டத் தொழிலாளி லயத்துக்குப் பின்னால் நான்கு கம்பு நட்டு, பழைய தகரம் இரண்டைப் போட்டு ஒரு மாட்டுக் கொட்டில் கட்டினால், "யாரைக் கேட்டுக் கட்டினாய்?" என்று தோட்டக் காரியாலயத்திலிருந்து கடிதம் வருகிறது. நாட்டுக்குப் பால் வேண்டும். பால் கறக்கிறவனுக்கு மாடு கட்ட இடம் இல்லை. இந்த முரண்பாட்டைப் பற்றித்தான் இந்த இதழில் பேச வேண்டியிருக்கிறது.

சம்பளம், வீடு, காணி, வைத்தியசாலை என்று நம் பத்திரிகையில் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். மாட்டைப் பற்றித் தொழிற்சங்கத்துக்கு என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். சம்பளப் பிரச்சினை இருக்கிற வரைக்கும் மாட்டுப் பிரச்சினையும் தொழிற்சங்கப் பிரச்சினைதான். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆனது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. ஒவ்வொரு முறையும் சம்பளம் ஒரு படி ஏறுவதற்குள் அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் இரண்டு படி ஏறிவிடுகின்றன. அந்த இடைவெளியைப் பல வீடுகளில் நிரப்பிக்கொண்டிருப்பது ஒரு கறவை மாடுதான். பிள்ளையின் பாடசாலை வேன் காசு, பிரத்தியேக வகுப்புக் காசு, கடைக் கடன், சீட்டுப் பணம் எல்லாம் எத்தனையோ வீடுகளில் பால் காசில்தான் போகிறது. கிலோ குறைந்து அரைப்பேர் போட்ட நாளிலும், மழையால் வேலை இல்லாத நாளிலும் மாடு பால் கொடுக்கிறது. ஆகவே மாட்டைக் கட்டுப்படுத்துகிற ஒவ்வொரு விதியும் நம் சம்பளத்தைக் கட்டுப்படுத்துகிற விதிதான்.

ஒரு மாட்டின் ஒரு நாள்

மாடு வளர்க்காதவர்களுக்கு அதன் பாடு தெரியாது. விடியற்காலை நாலரைக்கு எழும்ப வேண்டும். கொட்டிலைக் கூட்டிச் சாணியை அள்ளி, மடியைக் கழுவி, பாலைக் கறந்து, பால் சேகரிக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பிரட்டுக்கு ஓட வேண்டும். பின்னேரம் மலையிலிருந்து வந்தவுடன் தேத்தண்ணி குடிக்க நேரம் இருக்காது. கத்தியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு புல்லுக்குப் போக வேண்டும்.

நானூறு கிலோ எடையுள்ள ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோ பச்சைப் புல் வேண்டும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது வழமையான கணக்கு. தலைச்சுமையாகப் பார்த்தால் அது பெரிய கட்டு இரண்டு. பகல் முழுக்கக் கொழுந்துக் கூடை சுமந்த அதே தலையிலும் முதுகிலும்தான் இந்தக் கட்டும் ஏறுகிறது. அதோடு 40 லீற்றருக்குக் குறையாத தண்ணீர். ஒரு லயத்துக்கு ஒரு பைப் இருக்கிற தோட்டத்தில் அந்தத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து பாருங்கள், அப்போது தெரியும்.

இந்த வேலையில் பெரும் பங்கு யார் தலையில் விழுகிறது? பெண்களின் தலையில். கொழுந்தெடுத்து வந்து, சமைத்து, பிள்ளையைப் பார்த்து, மாட்டையும் பார்ப்பது நம் தாய்மாரும் சகோதரிகளும்தான். மாடு செத்தால் கணவனுக்கு நட்டம். மாடு இருக்கிறபோது மனைவிக்கு இடுப்புவலி. இந்த உழைப்புக்கு எந்தச் செக்ரோலிலும் பேர் விழுவதில்லை.

புல் வெட்ட நிலம் எங்கே?

முதல் பிரச்சினை நிலம். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கொடுக்கப்பட்டன. வெள்ளைக்காரத் துரை போனார், அரசாங்கத் துரை வந்தார், கம்பனித் துரை வந்தார். மாடு கட்டுகிற இடமும் புல் வெட்டுகிற கரையும் மட்டும் ஒரு நாளும் நம் பேருக்கு வரவில்லை. இன்றைக்கும் ஒரு தொழிலாளி மாடு வைத்திருப்பது துரையின் வாய்ச்சொல்லை நம்பித்தான். ஒரு துரை "சரி, வைத்துக்கொள்" என்பார். அவர் மாறிப்போய் இன்னொருவர் வந்தால், "ஒரு மாதத்துக்குள் கொட்டிலைப் பிரி" என்பார். இரண்டுக்கும் எழுத்தில் ஆதாரம் இருக்காது.

தனி வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் காணி என்ற திட்டம் வந்தபோது நாம் அதை வரவேற்றோம். லயத்தை விட்டு வெளியே வருவது பெரிய காரியம். ஆனால் 7 பேர்ச்சஸ் என்பது சுமார் 1,900 சதுர அடி. அதில் வீடு, மலசலகூடம், வாசல், வடிகால் போக மிச்சம் என்ன? பக்கத்து வீட்டுக்கு நாற்றம் போகாமல், குடிதண்ணீர் கெடாமல் ஒரு கொட்டிலை எங்கே வைப்பது? லயத்தில் இருந்தபோது இரண்டு மாடு வைத்திருந்தவர் புது வீட்டுக்குப் போகும்போது மாட்டை விற்க வேண்டியதாகிறது. வீடு வந்தது, வருமானம் போனது என்று ஆகலாமா? வீட்டுத் திட்டம் போடுகிறவர்கள் தொழிலாளியைப் படுத்து எழும்புகிற ஆளாக மட்டும் பார்த்ததன் விளைவு இது.

மறுபக்கம் பாருங்கள். எத்தனை தோட்டங்களில் தேயிலை மலைகள் காடாகிக் கிடக்கின்றன! ஆள் இல்லை என்று கவ்வாத்தும் இல்லாமல், புல்லும் வெட்டாமல் விட்டு, மானாவும் லந்தானாவும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, காட்டுப்பன்றியும் பாம்பும் குடியிருக்கின்றன. அந்த நிலத்தில் ஒரு துண்டைத் தீவனப் புல்லுக்குக் கொடுத்தால் கம்பனிக்கு என்ன நட்டம்? சீ.ஓ.3 போன்ற நல்ல புல் இனங்களைக் கரணை வெட்டி நட்டால், ஒருமுறை நட்டது வருடக்கணக்கில் வெட்ட வெட்டத் தழைக்கும். மண் அரிப்பும் குறையும்.

புல்லைப் பற்றிப் பேசும்போது மருந்தையும் சொல்ல வேண்டும். களைநாசினி கிளைபோசேற்றுக்கு 2015இல் தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அது தளர்த்தப்பட்டது. அந்த வாதத்தில் கம்பனிகள் பேசின, விஞ்ஞானிகள் பேசினார்கள், அரசியல்வாதிகள் பேசினார்கள். மருந்தடித்த மலையின் ஓரத்தில் புல் வெட்டுகிற பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்றைக்கு எந்த மலையில் மருந்தடித்தார்கள், எத்தனை நாளைக்கு அங்கே புல் வெட்டக் கூடாது என்று பிரட்டில் சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டாலும் போதும். அந்த ஒரு நிமிடத்தைக் கூட நாம் போராடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

சட்டங்கள் வருகின்றன, தமிழ் வரவில்லை

கால்நடை பற்றி நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907இலிருந்து இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மிருகங்கள் சட்டம் மாடறுப்பு, மாட்டுக்குக் குறி போடுதல், மாட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோதல் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க மிருக நோய்கள் சட்டம் தொற்றுநோய் பரவாமல் தடுக்க அதிகாரம் கொடுக்கிறது. இவற்றோடு பிரதேச சபை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சுற்றாடல் அதிகாரிகள், வன இலாகா, வனஜீவராசிகள் திணைக்களம் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதி.

இந்த விதிகளில் பல நியாயமானவை. காதில் இலக்கத் தகடு இருந்தால் களவுபோன மாட்டைக் கண்டுபிடிக்கலாம். கொண்டுபோகிற மாட்டுக்கு வைத்தியச் சான்று இருந்தால் நோய் பரவாது. 2020இல் வடக்கில் தோல் கழலை நோய் வந்தது. 2023இல் வேறு மாகாணங்களிலும் மாடுகள் உடம்பெல்லாம் கட்டி கட்டியாகப் படுத்தன. அப்படிப்பட்ட நேரத்தில் மாடுகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக வேண்டாம் என்றால் அதை நாமும் ஆதரிக்கத்தான் வேண்டும். விதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விதி எப்படி நம்மிடம் வந்து சேருகிறது, யாருடைய தலையில் அதன் செலவு விழுகிறது என்பதுதான் நமது கேள்வி.

அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழி. ஆனால் படிவம் சிங்களத்தில் இருக்கும், அறிவித்தல் சிங்களத்தில் இருக்கும், விளக்கம் கேட்டால் "யாராவது சிங்களம் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்பார்கள். மாட்டைப் பதிய ஒரு நாள், கையெழுத்துக்கு ஒரு நாள், விட்டுப்போன தாளைக் கொண்டுபோக இன்னொரு நாள். இப்படி மூன்று நாட்கள் வேலையை விட்டால் மூன்று பேர் போகிறது, பஸ் காசு வேறு. நூறு மாடு வைத்திருக்கிற பண்ணைக்கு இதற்கென்று ஒரு எழுத்தர் இருப்பார். ஒரு மாடு வைத்திருக்கிற தொழிலாளிக்கு அவரேதான் எழுத்தர், அவரேதான் மேய்ப்பர், அவரேதான் பால்காரர். நூறு மாட்டுக்கும் ஒரு மாட்டுக்கும் ஒரே விதி என்பது பார்வைக்குச் சமத்துவம். நடைமுறையில் ஏழைக்கு அபராதம்.

பிரதேச சபையின் கதையும் நமக்குப் பாடம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை நிதியைச் செலவழிக்கத் தடை இருந்தது. வாக்குப் போடலாம், ஆனால் லயத்துக்குப் போகிற பாதைக்குக் கல் போட முடியாது. அந்தச் சட்டம் திருத்தப்படுவதற்கு 2018 வரை காத்திருந்தோம். முப்பது வருடங்களாகச் சேவை செய்ய வராத ஓர் அமைப்பு, இப்போது முதன்முதலாக நம் வாசலுக்கு வருவது "கொட்டிலை அகற்று" என்ற கடிதத்தோடு என்றால், மக்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? முதலில் கழிவு போகிற வடிகாலைக் கட்டித் தாருங்கள், பொதுவான எருக்குழி தோண்ட இடம் காட்டுங்கள். அதற்குப் பிறகும் ஓடையில் சாணியைக் கொட்டுகிறவன் இருந்தால் அவன்மேல் வழக்குப் போடுங்கள். சங்கம் அவனுக்காக வராது.

இருபத்தொரு நாள்

மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பது இன்னொரு பாடு. அரசாங்க மிருக வைத்திய அலுவலகம் பெரும்பாலும் டவுனில் இருக்கிறது. ஒரு வைத்தியருக்கு எத்தனையோ தோட்டங்கள், எத்தனையோ கிராமங்கள். அவர்களில் பலர் மனதோடு வேலை செய்கிறவர்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆளும் இல்லை, வாகனமும் இல்லை, எண்ணெயும் இல்லை என்றால் மனது மட்டும் மலை ஏறி வராது.

ஓர் உதாரணம் சொல்வோம். மாடு 21 நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். காலையில் கத்தத் தொடங்கினால் அன்று பின்னேரத்துக்குள் ஊசி போட வேண்டும். அந்த நேரம் தவறினால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். மாடு ஞாயிறு, போயா பார்த்துப் பருவத்துக்கு வருவதில்லை. செயற்கைச் சினைப்படுத்துகிறவர் லீவில் இருந்தாலோ, மழையால் பாதை உடைந்து தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிள் வர முடியாமல் போனாலோ ஒரு சுற்று போய்விடும். கன்று 21 நாள் பிந்தும், பாலும் 21 நாள் பிந்தும். நாளொன்றுக்கு 8 லீற்றர் கறக்கிற மாடு என்று வைத்துக்கொண்டால் 168 லீற்றர். இரண்டு முறை தவறினால் 336 லீற்றர். யாருடைய கணக்குப் புத்தகத்திலும் எழுதப்படாத நட்டம் இது. ஆனால் அந்த வீட்டில் அடுப்படி வரைக்கும் தெரிகிற நட்டம்.

மடிநோய் வந்தால் மருந்து போட வேண்டும். மருந்து போட்டால் அந்த மருந்து பாலில் இருந்து போகும் வரை சில நாட்களுக்குப் பாலை விற்கக் கூடாது. இது சரியான விதி. அந்தப் பாலைக் குடிப்பது யாரோ ஒருவரின் பிள்ளை. நாம் அந்த விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். ஆனால் ஊருக்கு நல்லது செய்கிற அந்த விதியின் முழுச் செலவையும் ஒரு மாடு வைத்திருக்கிற ஏழை மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? அதற்குத்தான் காப்புறுதி என்று ஒன்று இருக்கிறது. கமத்தொழில் காப்புறுதியில் கால்நடைக்கும் இடம் உண்டு. நம் தோட்டங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? தெரிந்தவர்களிலும் எத்தனை பேர் அதற்குரிய தாள்களைக் கொடுக்க முடிந்தவர்கள்? வங்கியில் கடன் கேட்டாலும் இதே நிலைதான். காணி உறுதி எங்கே என்பார்கள். இரண்டு நூற்றாண்டு உழைப்புக்குப் பிறகும் காட்டுவதற்கு உறுதி இல்லாத மக்கள் நாம்.

தீவனமும் விலையும்

2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே இரவில் நாடு முழுவதும் சேதன விவசாயம் என்றார்கள். அந்த நாட்களில் மாட்டுச் சாணிக்கு வந்த மரியாதை சொல்லி முடியாது. கொட்டிலைப் பிரி என்று கடிதம் எழுதியவர்களும் எரு கிடைக்குமா என்று கேட்டார்கள். அந்த வருடம் முடிவதற்குள் தடை கைவிடப்பட்டது, மரியாதையும் போய்விட்டது. ஆனால் அதனால் விழுந்த சோள விளைச்சல் தீவன விலையில் ஏறி நின்றது. அடுத்த வருடம் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனபோது தீவன மூடை, புண்ணாக்கு, தாதுப்பொடி, மருந்து எல்லாமே கைக்கெட்டாத விலைக்குப் போயின. யாரோ எங்கோ ஒரு கையெழுத்துப் போட, மலையில் ஒரு மாடு பால் குறைந்தது. கொள்கை என்பது பெரிய இடத்து விஷயம், நமக்கு எதற்கு என்று இருக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

பால் விலைக்கு வருவோம். பாலுக்கு விலை போடுவது அளவைப் பார்த்து மட்டும் அல்ல. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பற்ற திண்மம் எவ்வளவு என்று பார்த்துத்தான் விலை. நல்ல தீவனம் இல்லாவிட்டால் திண்மம் குறையும், காசும் குறையும். சோதிக்கிறவர் அவர்கள், எழுதுகிறவர் அவர்கள், விலை சொல்கிறவர் அவர்கள். நாம் கேனை வைத்துவிட்டு வருகிறோம். கொழுந்து நிறுக்கிற தராசில் கிலோ வெட்டுவதை எதிர்த்து எத்தனை வருடங்கள் போராடினோம்! பால் தராசும் தராசுதான். சோதனை நம் கண்முன்னே நடக்க வேண்டும், அதன் விபரம் துண்டில் எழுதித் தமிழில் நம் கைக்கு வர வேண்டும் என்று கேட்பது யாரையும் சந்தேகப்படுவதாகாது. அது விற்கிறவனின் சாதாரண உரிமை.

கறவை வற்றிய மாடும் காளைக் கன்றும்

இது சிலருக்குப் பேசக் கஷ்டமான விஷயம். ஆனாலும் பேச வேண்டும். 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. நம்மில் பலர் மாட்டுப்பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டுக் கும்பிடுகிறவர்கள். மாட்டை அறுக்கக் கூடாது என்று மனதார நினைக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். வேறு விதமாக நினைக்கிற, வேறு வழிபாடு உள்ள சகோதரர்களும் நம்மோடு ஒரே மலையில் வேலை செய்கிறார்கள். அந்த விவாதத்தில் இங்கே நாம் இறங்கவில்லை. நாம் கேட்பது வயிற்றுக் கேள்வி.

கறவை வற்றிய மாடு இன்னும் பல வருடங்கள் உயிரோடு இருக்கும். அதற்கும் நாளொன்றுக்கு 40 கிலோ புல் வேண்டும். காளைக் கன்று பிறந்தால் அது குடிக்கிற பால் விற்காத பால். உழவு இல்லாத மலைநாட்டில் அந்தக் காளைக்கு வேலை இல்லை. ஒற்றைக் கொட்டில் வைத்திருக்கிறவர் கிழட்டு மாட்டை விற்றால்தான் புது மாட்டுக்கு இடம் வரும், காசும் வரும். சட்டம் அந்த வழியை அடைக்குமானால் மாற்று வழியைத் திறந்துவிட்டு அடைக்க வேண்டும். வயதான மாடுகளை ஏற்று வளர்க்க அரசாங்கம் பண்ணை வைக்கட்டும், அல்லது அவற்றுக்கு ஒரு விலை கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும். பசுவுக்கு இரக்கம் காட்டுகிற புண்ணியம் எல்லோருக்கும், புல் வெட்டுகிற பாரம் ஏழைக்கு மட்டும் என்றால் அது தர்மம் அல்ல. இதற்கு ஒரு வழி செய்யாவிட்டால் மாடுகள் இரவில் ரோட்டில் அவிழ்த்து விடப்படும். அந்தப் பாவம் யாருக்கு?

சிறுத்தையும் சுருக்குக் கம்பியும்

காடாகிப் போன தேயிலைக்குள் சிறுத்தை வந்து தங்குகிறது. முதலில் நாயைப் பிடிக்கிறது, பிறகு ஆட்டையும் கன்றையும் பார்க்கிறது. சிறுத்தை வனவிலங்குச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மிருகம். அதைக் கொல்வது குற்றம், கொல்லவும் வேண்டியதில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு கருஞ்சிறுத்தை பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் மாட்டி இறந்ததை நாடே பார்த்து வருந்தியது. அந்தக் கம்பி சிறுத்தையை மட்டும் அல்ல, புல்லுக்குப் போகிற பெண்ணின் காலையும், மேயப் போன மாட்டின் காலையும் பிடிக்கும். ஆகவே கம்பி வைப்பதை நாமே நிறுத்த வேண்டும். வைக்கிறவர்களைத் தடுக்க வேண்டும்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. ஒரு கன்று போனால் ஒரு குடும்பத்தின் இரண்டு வருட எதிர்பார்ப்புப் போகிறது. சிறுத்தைக்காக வருந்துகிறவர்கள் அந்தக் குடும்பத்துக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். இரவில் மூடிக் கட்டக்கூடிய உறுதியான கொட்டிலுக்கு உதவி செய்யுங்கள். லயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற காட்டைத் துப்புரவாக்கக் கம்பனிக்குக் கட்டளை போடுங்கள். கால்நடை இழந்தவருக்கு அலைச்சல் இல்லாமல் நட்டஈடு கிடைக்க வழி செய்யுங்கள். அப்போது சிறுத்தையும் வாழும், மாடும் வாழும்.

நாம் கேட்பது என்ன?

குறை சொல்வது மட்டும் தொழிற்சங்கத்தின் வேலை அல்ல. கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த கூட்டத்தில் இவற்றைக் கலந்துபேசித் தீர்மானமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, மாடு வளர்க்கும் அனுமதி துரையின் வாய்ச்சொல்லாக இல்லாமல் எழுத்தில் இருக்க வேண்டும். துரை மாறினாலும் அது மாறக் கூடாது.

இரண்டாவது, கைவிடப்பட்ட தேயிலை நிலத்தில் ஒரு பகுதியைத் தீவனப் புல்லுக்கு ஒதுக்க வேண்டும். புதிய வீட்டுத் திட்டம் எங்கே வந்தாலும் அதற்குப் பக்கத்தில் பொதுக் கொட்டிலுக்கும் எருக்குழிக்கும் தண்ணீருக்கும் இடம் விட வேண்டும்.

மூன்றாவது, பதிவு, காதுத் தகடு, சான்றிதழ் எல்லாம் தோட்டத்துக்கே வந்து செய்யும் நடமாடும் சேவையாக, வேலை இல்லாத நாளில், தமிழில் நடக்க வேண்டும். ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்களிடம் கட்டணம் எடுக்கக் கூடாது.

நான்காவது, களைநாசினி அடிக்கிற மலைகளை முன்கூட்டியே பிரட்டில் அறிவித்து, அடையாளம் வைக்க வேண்டும்.

ஐந்தாவது, நம் படித்த பிள்ளைகளில் சிலருக்குச் செயற்கைச் சினைப்படுத்தலிலும் முதலுதவியிலும் பயிற்சி கொடுத்து, தோட்டப் பகுதிகளில் சேவைக்கு அமர்த்த வேண்டும். வேலை இல்லாமல் கொழும்புக் கடைகளுக்குப் போகிற இளைஞர்கள் எத்தனை பேர்! இது அவர்களுக்கு வேலை, நமக்குச் சேவை.

ஆறாவது, பால் சோதனை வெளிப்படையாக நடக்க வேண்டும். தோட்டம் தோறும் பால் உற்பத்தியாளர் சங்கம் அமைத்து, விலை பேசும் இடத்தில் நம் பிரதிநிதியும் இருக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் பெரிய பணம் கேட்கிற கோரிக்கை அல்ல. பெரும்பாலானவை ஒரு கடிதம், ஒரு கூட்டம், ஒரு துண்டு நிலம் ஆகியவற்றோடு முடிகிறவை. இவ்வளவு காலமும் நடக்காமல் இருந்ததற்குக் காரணம், தோட்டத் தொழிலாளியை நாட்டில் யாரும் கால்நடை வளர்ப்பாளர் என்று எண்ணாததுதான். கமக்காரர் என்றால் கிராமத்தில் இருப்பவர், தோட்டத்தில் இருப்பவர் வெறும் கூலி என்ற பழைய கணக்கு இன்னும் அதிகாரிகளின் கோப்புகளில் இருக்கிறது. கொழுந்தும் எடுக்கிறோம், பாலும் கறக்கிறோம், மரக்கறியும் நடுகிறோம். அந்தக் கணக்கைத் திருத்தி எழுத வைக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் செய்ய வேண்டியவை உண்டு. பாலில் தண்ணீர் கலக்காமல் கொடுப்போம். மருந்து போட்ட மாட்டின் பாலைத் தனியாக வைப்போம். அடுத்த லயத்தவர் குடிக்கிற ஓடையைக் கெடுக்காமல் சாணியைக் குழியில் போடுவோம். மாட்டை இளந்தேயிலைக்குள் விடாமல் கட்டி வளர்ப்போம். வீட்டு ஆண்கள் பின்னேரப் புல்லுக்கு ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு போவோம். நம் கை சுத்தமாக இருந்தால்தான் மேசையில் கையைத் தட்டிக் கேட்க முடியும்.

உங்கள் தோட்டத்தில் எத்தனை வீடுகளில் மாடு இருக்கிறது, எத்தனை பேருக்குக் கொட்டிலைப் பிரிக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது, வைத்தியர் கடைசியாக எப்போது வந்தார் என்ற விபரங்களைத் தோட்டத் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். வந்த கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டாம், பத்திரமாக வையுங்கள். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது நம் கையில் அந்தத் தாள்களும் இருக்க வேண்டும்.